நிர்வாக சேவைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு: வாங்கில் இருந்து தொடங்குங்கள்

வருடத்துக்கு நாலைந்து பேராவது இலங்கை நிர்வாக சேவை (எஸ்.எல்.ஏ.எஸ்.) பற்றி என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் என்று எங்கிருந்தோ கம்பஸ் முடித்துவிட்டு வெள்ளவத்தையில் அறை எடுத்திருப்பார்கள். கையில் ஒரு நுண்ணறிவுப் புத்தகம் இருக்கும்.

"அண்ணா, எஸ்.எல்.ஏ.எஸ். எழுதப் போறன். எந்த ரியூசன் நல்லது?"

"ஏ.ஜி.ஏ. கந்தோருக்கு, அதுதான் பிரதேச செயலகத்துக்கு, போயிருக்கிறீங்களா?"

"ஓம், அடையாள அட்டை அலுவலா ஒருக்காப் போனனான்."

"எவ்வளவு நேரம் இருந்தனீங்கள்?"

அதோடு பேச்சு நின்றுவிடும். ரியூசன் வகுப்புகளைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. மற்றவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை: இது என்ன சேவை என்று தெரிந்துகொள்வது

இலங்கை நிர்வாக சேவையை ஒரு பதவி என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே பரீட்சையில் சித்தியடைந்த இரண்டு பேரில் ஒருவர் வவுனியாவில் உதவிப் பிரதேச செயலாளராக இருப்பார், மற்றவர் கொழும்பு 7இல் ஒரு அமைச்சில் உதவிச் செயலாளராக இருப்பார். சில வருடத்தில் இருவரும் இடம் மாறியிருப்பார்கள். மூன்றாம் தரத்தில் நுழைந்து, இரண்டாம் தரம், முதலாம் தரம், விசேட தரம் என்று ஏறுவது வழி. பிரதேச செயலாளர், மாவட்டச் செயலாளர், திணைக்களத் தலைவர், மாகாணத்தின் பிரதம செயலாளர் எல்லாம் பெரும்பாலும் இந்தச் சேவைக்காரர்கள்தான். அமைச்சின் செயலாளர் கதிரை வேறு கதை. அதற்கு ஆள் போடுவது ஜனாதிபதி. சேவையில் மூப்பு இருந்தால் அது தானாக வரும் என்று எண்ண வேண்டாம்.

பழைய கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பரீட்சைக்காக மட்டும் சொல்லவில்லை, கந்தோரில் நீங்கள் காணப்போகும் பல பழக்கங்களின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1833இல் தொடங்கிய சிலோன் சிவில் சேவையில் நெடுங்காலம் வெள்ளைக்காரர்களே இருந்தார்கள். போட்டிப் பரீட்சை எழுதி அதற்குள் நுழைந்த முதல் இலங்கையர் பொன்னம்பலம் அருணாசலம். வருடம் 1875. பின்னாளில் 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தியவரும் அவரே. அந்தக் காலத்து அரசாங்க அதிபர் மாகாணத்துக்கு ஒரு குட்டி அரசர். டைக் என்பவர் 1829 முதல் 1867 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் குடியிருந்த வளவுதான் இன்றைய பழைய பூங்கா.

1963 மே 1இல் அந்தச் சிவில் சேவையைக் கலைத்தார்கள். அதுவரை தனியாக இருந்த டி.ஆர்.ஓ.மார் (பிரிவு வருமான உத்தியோகத்தர்), எங்கள் ஊரில் காரியாதிகாரி என்று சொல்லப்பட்டவர்கள், புதிய நிர்வாக சேவைக்குள் சேர்க்கப்பட்டார்கள். 1972இல் குடியரசானதும் சேவையின் பெயரிலும் சிலோன் போய் இலங்கை வந்தது. ஒரு பக்கம் கோட்டும் ரையும் போட்ட துரைமார், மறு பக்கம் குளக்கட்டில் நடந்து திரிந்த காரியாதிகாரிமார். இந்தச் சேவை இரண்டு பேருக்கும் பிறந்த பிள்ளை. எந்தப் பக்கத்துச் சாயல் கூடுதலாக விழுந்திருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

இன்னொன்று. சென்னைப் பயிற்சி நிலையங்களின் ஐ.ஏ.எஸ். காணொளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். உற்சாகத்துக்குப் பாருங்கள், பாடத்துக்கு வேண்டாம். அங்கே மாவட்ட ஆட்சியர் மாவட்ட நிர்வாக நடுவருக்குரிய (District Magistrate) அதிகாரத்தையும் கையில் வைத்திருப்பவர், சட்டம் ஒழுங்கில் அவருக்குப் பங்குண்டு. எங்கள் ஜீ.ஏ.க்கு, அதாவது அரசாங்க அதிபருக்கு (மாவட்டச் செயலாளர்), அது கிடையாது. சிவப்பு விளக்குக் காரை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் முதல் வருடத்திலேயே ஏமாந்து போகிறார்கள்.

இரண்டாவது: வெள்ளிக்கிழமை வர்த்தமானி

பரீட்சை அறிவித்தல் அரசாங்க வர்த்தமானியில்தான் வரும். வெள்ளிக்கிழமை தோறும் வெளியாகும் இதழில் முதலாம் பகுதியின் 'இரண்டு-அ' தொகுதியைப் பாருங்கள். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மூன்று மொழியிலும் கிடைக்கும். வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பும் படத்தை நம்பாதீர்கள். போன தடவை அறிவித்தலை இந்தத் தடவைக்கென்று சுற்றவிட்ட கூத்தெல்லாம் நடந்திருக்கிறது.

அறிவித்தலைக் கையில் எடுத்தால் மூன்று இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். முதலாவது வயது. திறந்த போட்டிப் பரீட்சைக்கு நெடுங்காலமாக உச்ச வயது 28. பரீட்சை நடக்கும் நாளில் உங்கள் வயது என்ன என்று அவர்கள் பார்ப்பதில்லை. அறிவித்தலில் குறித்த திகதியில் என்ன வயது என்றுதான் பார்ப்பார்கள். பரீட்சை வருடா வருடம் ஒழுங்காக வருவதும் இல்லை. இருபத்தாறில் "அடுத்த முறை பார்ப்பம்" என்று விட்டவர்கள் பிறகு கைவிரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறேன். இரண்டாவது பட்டம். எந்தத் துறைப் பட்டம் என்றாலும் சரி, ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும். பெறுபேறு செல்லுபடியாகும் திகதியையும் பாருங்கள். மூன்றாவது, 'மொழிகளுக்கிடையில் முரண்பாடு இருந்தால் சிங்களப் பிரதியே மேலோங்கும்' என்ற ஒரு வரி. பெரும்பாலான அறிவித்தல்களில் இது இருக்கும். ஆகவே தமிழில் வாசித்து முடித்ததும், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரோடு இருந்து திகதியையும் வயதையும் ஒருக்கால் ஒப்பிடுங்கள்.

அரசாங்க வேலையில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை என்று தனிக் கதவு உண்டு. அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ ஆசிரியராகவோ இருந்தால், அது உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். இருபத்தெட்டோடு எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

பெயர்ப் பிரச்சினை

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது தனியான தலையிடி. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, பட்டச் சான்றிதழின் ஆங்கிலத்தில் இன்னொரு எழுத்து. தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதிலும் ஒவ்வொரு கந்தோருக்கும் ஒவ்வொரு விளக்கம். என் பெயர் மூன்று பத்திரத்தில் மூன்று விதமாக இருந்தது. நேர்முகப் பரீட்சைக்கு முதல் நாள் பின்னேரம் சமாதான நீதவான் ஒருவரைத் தேடி, கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் மழையில் ஓடித் திரிந்து சத்தியக்கடதாசி முடித்தேன். நீங்கள் விண்ணப்பம் போடுமுன்பே அந்தப் பத்திரங்கள் எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். விண்ணப்பத்தில் அடையாள அட்டையில் உள்ள பெயரையே போடுங்கள். போட்ட விண்ணப்பத்தின் பிரதியையும் கட்டணப் பற்றுச்சீட்டையும் ஒரே உறைக்குள் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது: வாங்கில் இருந்து பார்ப்பது

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாகச் சொல்வேன்.

கொழும்பு மாவட்டத்தில் 13 பிரதேச செயலகங்கள் உண்டு. வெள்ளவத்தையில் இருந்தால் உங்களுக்குரியது திம்பிரிகஸ்யாய. கொட்டாஞ்சேனைப் பக்கம் என்றால் கொழும்புப் பிரதேச செயலகம். வதிவிடச் சான்றோ வேறு ஏதோ ஒரு அலுவலோ எப்படியும் உங்களுக்கு வரும். அதைச் சாட்டாக வைத்துக் காலை எட்டரைக்குப் போங்கள். அலுவல் முடிந்ததும் ஓடி வராமல், சனம் இருக்கும் வாங்கில் மத்தியானம் வரைக்கும் இருங்கள்.

என்ன பார்ப்பது? முதலில், எது இங்கே நடக்கிறது, எது நடக்கவில்லை என்று பாருங்கள். குப்பை எடுக்கவில்லை என்று முறைப்பாட்டோடு வருகிறவரைத் திருப்பி அனுப்புவார்கள், அது மாநகர சபை வேலை. வாகன வருமான அனுமதிப்பத்திரம் மாகாண சபையின் அதிகாரம், ஆனால் அந்தக் கவுண்டர் பிரதேச செயலகத்துக்குள் இருக்கும். வியாபாரப் பெயர்ப் பதிவும் அப்படித்தான். அடுத்த கவுண்டரில் நடப்பது மத்திய அரசாங்கத்தின் அஸ்வெசும (நலன்புரிக் கொடுப்பனவு) அலுவல். மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தைப் பற்றி நூறு பக்கம் வாசித்தும் விளங்காத ஒன்று, இந்த இரண்டு கவுண்டருக்கும் நடுவில் நின்றால் விளங்கிவிடும். ஒரே கூரை, இரண்டு எசமான், நடுவில் ஒரு பிரதேச செயலாளர்.

அதன்பிறகு கடதாசி எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வயதான அம்மா ஒருவர் விதானையாரிடம் (இப்போது கிராம உத்தியோகத்தர்) வாங்கிய சான்றிதழோடு வந்திருந்தார். அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வேண்டும். விதானையார் திகதி போட மறந்துவிட்டார். கவுண்டரில் இருந்த பிள்ளை "திகதி இல்ல அம்மா, திரும்பக் கொண்டு போய்ப் போட்டு வாங்கோ" என்றது. அந்த அம்மா கால் வீங்கி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்து வந்த உதவிப் பிரதேச செயலாளர் கடதாசியை வாங்கிப் பார்த்தார், தொலைபேசியை எடுத்து விதானையாரைக் கூப்பிட்டார். அன்று அவர் கூட்டமொன்றுக்காக அதே கட்டடத்தில்தான் இருந்தார். கீழே வந்தார், திகதி போட்டார், கையெழுத்து விழுந்தது. ஏழு நிமிடம். எந்த விதியும் மீறப்படவில்லை. முதல் பிள்ளை சொன்னதும் பிழை இல்லை. இந்த ஏழு நிமிடத்துக்குத்தான் இந்தச் சேவை இருக்கிறது என்பது என் எண்ணம்.

பிரதேச செயலாளருக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்கு வந்து தேடுங்கள். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தில் போய் நிற்பீர்கள். அதற்கு முன் ஏ.ஜி.ஏ., அரசாங்க அதிபரின் கீழ் ஒரு உதவியாளர். அந்தச் சட்டத்துக்குப் பிறகு அரசாங்க அதிபரிடம் இருந்த பல அதிகாரங்கள் நேராகப் பிரதேச செயலாளரிடம் வந்தன. சனத்தின் வாயில் மட்டும் இன்னும் ஏ.ஜி.ஏ. கந்தோர்தான். ஊருக்குப் போகும்போது உங்கள் ஊர்ச் செயலகத்திலும் ஒரு நாள் இருங்கள். கொழும்பில் அவ்வளவாகக் காணாத ஒன்று அங்கே இருக்கும்: காணிக் கிளையின் நெருக்கடி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரங்கள், அதற்கு யார் பின்னுரித்தாளி என்ற சண்டை, பழுப்பேறிய கோவைகள். வன்னியில் ஒரு பிரதேச செயலாளரின் நாளைத் தின்பது பாதி அதுதான்.

நான்காவது: வாசிப்பு

பாடத்திட்டம் அறிவித்தலிலேயே இருக்கும், அதைச் சுவரில் ஒட்டுங்கள். நுண்ணறிவு, கிரகித்தல், நாட்டின் சமூக பொருளாதார அரசியல் பின்னணி, உலக நடப்பு, முகாமைத்துவ நோக்கில் ஒரு பிரச்சினையை எப்படி அணுகுவீர்கள் என்பது போன்றவைதான் சுற்றிச் சுற்றி வரும். நுண்ணறிவுக்குப் பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்துச் செய்வதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. மற்றதுக்கு வாசிப்பு வேண்டும். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் இருக்கிறது. போர்டிங் அறையின் வெக்கையில் இருந்து தப்பவும் உதவும். விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் பொது நூலகம் உண்டு. மத்திய வங்கியின் ஆண்டு வெளியீடுகளைத் தமிழில் வாசியுங்கள். மக்கள் வங்கி வெளியிட்ட 'பொருளியல் நோக்கு' இதழின் பழைய பிரதிகள் கிடைத்தால் விடாதீர்கள்.

அரசியலமைப்பில் ஒரு இழையைப் பிடித்து நுனி வரைக்கும் போய்ப் பாருங்கள். அரச உத்தியோகத்தரின் நியமனம், இடமாற்றம் பார்க்கும் அரசாங்க சேவை ஆணைக்குழுவின் கதை அதற்கு நல்லது. சுதந்திரகாலத்து அரசியலமைப்பான சோல்பரி யாப்பில் அது சுயாதீனமாக இருந்தது. 1972இல் நியமன அதிகாரம் அமைச்சரவையின் கைக்குப் போனது. 2001இன் 17ஆவது திருத்தம் அதற்கு உயிர் கொடுத்தது, 2010இன் 18ஆவது திருத்தம் அதைப் பிடுங்கியது, 2015இல் திரும்பியது, 2020இல் மறுபடி ஒடுங்கியது, 2022இன் 21ஆவது திருத்தத்தோடு மீண்டும் வந்தது. ஒரு இடமாற்றக் கடிதத்தை யார் எழுதலாம் என்பதற்காக ஒரு நாடு இத்தனை தடவை யாப்பைத் திருத்தியிருக்கிறது என்றால், அந்தக் கடிதத்தின் பெறுமதி என்ன என்று யோசியுங்கள்.

ஐந்தாவது: சிங்களம்

பரீட்சையைத் தமிழில் எழுதலாம். விண்ணப்பத்தில் குறித்த மொழியைப் பிறகு மாற்ற விடமாட்டார்கள், ஆகவே யோசித்துக் குறியுங்கள். சிலர் ஆங்கிலத்தில் எழுதினால் மதிப்பு என்று நினைத்துப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். உங்களுக்கு எந்த மொழியில் கை ஓடுமோ அதில் எழுதுங்கள்.

ஆனால் வேலைக்கு வந்த பிறகு சிங்களம் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தில் இருந்தே, சேவைக்குப் புதிதாக வருகிறவர் குறித்த காலத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது. சிங்கள உத்தியோகத்தர் தமிழ் படிக்க வேண்டியதும் இதே விதியால்தான். எவ்வளவு படிக்கிறார்கள் என்பது வேறு கதை, அதைப் பேச வெளிக்கிட்டால் எனக்குக் கோபம் வரும். ராஜகிரியவில் உள்ள அரசகரும மொழிகள் திணைக்களத்தின் வகுப்புகளையும் பரீட்சைகளையும் விசாரித்து வையுங்கள்.

கடைக்குப் போய்ப் பேசும் சிங்களம் வேறு, கோவைச் சிங்களம் வேறு. கந்தோரில் முதல் மாதம் தேவைப்படுவது ஒரு இருநூறு சொல்தான். கொனுவ என்றால் கோவை. சக்ரலேகய என்றால் சுற்றுநிருபம். நிர்தேச கரமி, அனுமத கரமி. இந்தக் கடைசி இரண்டிலும் நான் விழுந்தேன், அதைக் கீழே சொல்கிறேன்.

பரீட்சையும் அதற்குப் பிறகும்

பரீட்சை நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெலவத்தையில் பரீட்சைத் திணைக்களம் இருக்கிறது, அனுமதி அட்டையில் சிக்கல் என்றால் கொள்ளுப்பிட்டியில் 177 பிடித்துப் பத்தரமுல்லையில் இறங்கி நேரில் போங்கள். தொலைபேசியில் நின்று மன்றாட வேண்டாம்.

தெரிவானால் கொழும்பு 7, மலலசேகர மாவத்தையில் உள்ள இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவகத்தில் பயிற்சி. எல்லோரும் 'ஸ்லிடா' என்பார்கள். அங்கே இரண்டு புத்தகம் உங்கள் கையை விட்டு இறங்காது: தாபனக் கோவையும் நிதிப் பிரமாணமும். லீவு, இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் முதலாவதில், அரசாங்கக் காசைத் தொடும் முறை இரண்டாவதில். கந்தோர் வாகனம் எங்காவது இடிபட்டால் எல்லோரும் முதலில் உச்சரிப்பது "எஃப்.ஆர். 104" (நிதிப் பிரமாணம் 104) என்ற மந்திரத்தை. இந்த இரண்டிலும் வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை வரும். அதைத் தள்ளிப்போட்டால் சம்பள ஏற்றமும் பதவி உயர்வும் தள்ளிப்போகும். சம்பளம் என்றதும் எல்லோரும் கேட்பதால்: 2016ஆம் ஆண்டுச் சுற்றுநிருபத்தில் ஆரம்பச் சம்பளம் மாதம் 47,615 ரூபாய், 2025 ஏப்ரலில் இருந்து திருத்தி உயர்த்தியிருக்கிறார்கள். வெள்ளவத்தை வாடகையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதல் கோவை

என் முதல் நியமனம் ஒரு அமைச்சில். மூன்றாம் நாள் மேசைக்கு ஒரு கோவை வந்தது. ஏதோ ஒரு நிறுவனத்துக்குக் காசு விடுவிக்கும் விடயம். விடயத்துக்குப் பொறுப்பான முகாமைத்துவ உதவியாளர் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி, பக்கங்களுக்கு இலக்கம் போட்டு, கடைசியில் என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். வாசித்தேன், எல்லாம் சரி. படித்த சிங்களத்தைக் காட்டும் ஆசையில் 'அனுமத கரமி' என்று எழுதி, கையெழுத்தும் திகதியும் போட்டு மேலே அனுப்பினேன்.

பின்னேரம் மேலதிக செயலாளர் கூப்பிட்டார். கோவை விரித்தபடி இருந்தது, என் இரண்டு சொல்லைச் சுற்றிப் பென்சில் வட்டம்.

"மேக ஒயாகே பலயத?" இது உங்கட அதிகாரமா என்று கேட்கிறார்.

அனுமத கரமி என்றால் அனுமதிக்கிறேன். நிர்தேச கரமி என்றால் சிபாரிசு செய்கிறேன். அந்தத் தொகைக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் அமைச்சின் செயலாளருக்கே. அவர்தான் அமைச்சின் பிரதம கணக்கீட்டு உத்தியோகத்தர், கணக்கில் பிழை வந்தால் பாராளுமன்றத்தின் கோபா (அரசாங்கக் கணக்குகள் பற்றிய) குழுவின் முன் போய் நிற்க வேண்டியவரும் அவர்தான். மூன்றாம் நாள் வந்த நான் அவருடைய கதிரையில் ஏறி இருந்துவிட்டேன்.

கடதாசியைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். கோவையில் எதுவும் கிழிக்கப்படாது. பிழையின் மேல் ஒரு கோடு, கீழே இருப்பது வாசிக்கக்கூடியதாக. பக்கத்தில் சுருக்கொப்பமும் திகதியும். அதற்குக் கீழே சரியான வசனம். அப்படியே செய்தேன். அந்தக் கோவை இன்னும் எங்கோ ஒரு பதிவறையில் என் பிழையோடும் கோட்டோடும் இருக்கும்.

நீங்களும் கோவை ஒன்று கைக்கு வந்தால் முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போகாதீர்கள். முதல் பக்கத்தில் இருந்து, யார் கேட்டது, யார் பார்த்தது, யார் சிபாரிசு செய்தது, யாருக்கு அனுமதிக்கும் அதிகாரம் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டு வாருங்கள். அதிகாரத்தைக் கையளித்த கடிதம் கோவைக்குள் இல்லை என்றால், கேட்டு வாங்கிப் பார்க்கும் வரை பேனையைத் திறக்க வேண்டாம். அரசியல்வாதி தொலைபேசியில் சொன்னது, மேலதிகாரி நடைபாதையில் சொன்னது எல்லாவற்றுக்கும் இதே முறைதான்: "எழுத்தில் அனுப்புங்கோ சேர், உடனே செய்யிறன்." மரியாதையாகச் சொல்லலாம், யாரும் கோபிக்க முடியாது. பாதிப் பேர் எழுத்தில் அனுப்பவே மாட்டார்கள்.

நியமனக் கடிதம் வந்த அன்று வீட்டில் சோறு கறி சமைக்கட்டும், கோயிலுக்குப் போகட்டும். நீங்கள் அதற்கு முன் அந்தக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.